இம்போர்ட்டின், எக்ஸ்போர்ட்டின்: செல்லுக்குள் ஓர் ஏற்றுமதி இறக்குமதி

ஏற்றுமதி, இறக்குமதி என்ற இரண்டு சொற்கள் இல்லாமல் திருப்பூரில் ஒரு நாள் கூட ஓடாது. நல்லூரில் பஸ் ஏறி டவுனுக்குள் போவதற்குள் எத்தனை போர்டுகளில் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று எழுதியிருக்கிறது என்று எண்ணினால் கை விரல்கள் போதாது. இதே இரண்டு சொற்களை நம் உடம்புக்குள் இருக்கும் புரதங்களுக்கும் விஞ்ஞானிகள் பெயராக வைத்திருக்கிறார்கள். ஒன்று இம்போர்ட்டின், இன்னொன்று எக்ஸ்போர்ட்டின். விளையாட்டுக்குச் சொல்வதில்லை, பாடப்புத்தகத்தில் இருக்கிற பெயர்களே இவைதான் :-)

உயிரியல் படிக்கிறவர்களுக்கு மட்டும்தானே இது என்று தாண்டிப் போய்விட வேண்டாம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஐவர்மெக்டின் என்ற மாத்திரையை இந்தியா முழுக்க லட்சக்கணக்கானவர்கள் விழுங்கினார்கள். அந்த மாத்திரை கொரோனாவுக்குள் வந்து சேர்ந்த கதை இந்த இம்போர்ட்டினில்தான் ஆரம்பிக்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் கதையின் தொடக்கம்.

ஆபீஸ் ஒரு பக்கம், ஃபேக்டரி ஒரு பக்கம்

செல்லின் நடுவில் உருண்டையாக ஒன்று இருக்கிறது, அதுதான் உட்கரு. 1831-ல் ஆர்க்கிட் செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த ராபர்ட் பிரவுன் இதற்குப் பெயர் வைத்தார். நம் டி.என்.ஏ. கிட்டத்தட்ட முழுவதும் இதற்குள்தான் பத்திரமாக இருக்கிறது. கம்பெனியின் எல்லா டிசைன் ஃபைல்களும் பூட்டி வைத்திருக்கிற ஆபீஸ் ரூம் மாதிரி.

ஆனால் புரதங்கள் தயாராவது அந்த ரூமுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில். அதுதான் ஃபேக்டரி. இங்கேதான் சிக்கல். டி.என்.ஏ.வைப் படிக்க, நகல் எடுக்க, பழுது பார்க்க, சுருட்டி வைக்க எல்லாவற்றுக்கும் புரதம் வேண்டும். வெளியே தயாரான அந்தப் புரதங்கள் உள்ளே போய்ச் சேர வேண்டும். எல்லாமே உள்ளே போய்விடவும் கூடாது, தேவையானவை மட்டும்தான் போக வேண்டும்.

எவ்வளவு சரக்கு என்று தெரிந்தால் மலைப்பாக இருக்கும். டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் நூல்கண்டு போன்ற புரதத்துக்கு ஹிஸ்டோன் என்று பெயர். ஒரு செல் தன் டி.என்.ஏ.வை நகல் எடுக்கும்போது 3 நிமிடத்துக்குச் சுமார் 10 லட்சம் ஹிஸ்டோன்களை உட்கருவுக்குள் கொண்டுவர வேண்டும். உட்கருவின் சுவரில் இருக்கும் வாசல்கள் சுமார் 3,000 முதல் 4,000. கணக்குப் போட்டால் ஒரு வாசலில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 100 ஹிஸ்டோன். மற்ற சரக்குகளெல்லாம் தனி!

வாசல் தெரிந்தது

சுவரில் ஓட்டை இருக்கிறது என்பதே 1950-ல்தான் கண்ணால் பார்த்துத் தெரிந்தது. காலன், டாம்லின் என்ற இருவர் தவளை, நியூட் போன்ற நீர்நில வாழ் பிராணிகளின் முட்டைச் செல்லிலிருந்து உட்கருவின் உறையைப் பிரித்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். வரிசை வரிசையாக வட்டத் துளைகள் தெரிந்தன.

துளை என்றால் வெறும் ஓட்டை இல்லை. சுமார் 30 வகைப் புரதங்களை எட்டு எட்டாக வட்டத்தில் அடுக்கிக் கட்டிய ஒரு பெரிய அமைப்பு அது. மனித செல்லில் ஒரு வாசலுக்கு ஏறத்தாழ 1,000 புரதத் துண்டுகள். வாசலின் நடுவில் நூல் போன்ற புரத இழைகள் தொங்கிக்கொண்டு வலை மாதிரி அடைத்திருக்கின்றன. சின்ன மூலக்கூறுகள் அந்த வலையில் புகுந்து தாராளமாகப் போய்விடும். சுமார் 40,000 டால்டனுக்கு மேற்பட்ட புரதங்களுக்கு அப்படிப் போவது கஷ்டம். ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரிய புரதங்கள் உள்ளே இருக்கின்றன. அவை எப்படிப் போயின?

வால் சொன்ன விலாசம்

இதற்கு முதல் நல்ல விடை 1982-ல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. ரான் லாஸ்கியின் ஆய்வுக்கூடத்தில் கொலின் டிங்வாலும் மற்றவர்களும் நியூக்ளியோபிளாஸ்மின் என்ற தவளைப் புரதத்தை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து துண்டுகள் சேர்ந்த புரதம், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வால். முட்டைச் செல்லின் சைட்டோபிளாசத்தில் ஊசியால் ஏற்றினால் தானாகவே உட்கருவுக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

அவர்கள் ஒரு நொதியை வைத்து வால்களை நறுக்கினார்கள். வால் போன புரதம் வெளியேயே நின்றுவிட்டது. நறுக்கிய வாலை மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள், அது உள்ளே போனது! ஐந்து வாலில் ஒரே ஒரு வால் மிச்சம் இருந்தாலும் மொத்தப் புரதமும் உள்ளே போனது. ஆக, எங்கே போக வேண்டும் என்ற விலாசம் புரதத்தின் உடம்பிலேயே, அந்த வாலில் எழுதியிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, 1984-ல், லண்டனில் டேனியல் கால்டெரானும் அவருடைய குழுவினரும் அந்த விலாசம் எவ்வளவு சின்னது என்று காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸின் புரதம். அதில் ஏழே ஏழு அமினோ அமிலங்கள்: புரோலின், லைசின், லைசின், லைசின், ஆர்ஜினின், லைசின், வாலின். நடுவில் இருக்கும் ஐந்தும் நேர் மின்னூட்டம் உள்ளவை. அந்த ஏழில், புரதத்தின் 128-வது இடத்தில் இருக்கும் ஒரே ஒரு லைசினை மாற்றினால் போதும், புரதம் வெளியே தங்கிவிடும். மறுபக்கம், உட்கருவுக்குச் சம்பந்தமே இல்லாத பைருவேட் கைனேஸ் என்ற புரதத்தில் இந்தத் துண்டை ஒட்டினால் அது உள்ளே போய்விடும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புரிவதில் கஷ்டமே இல்லை. நிட்டிங்கில் ஓட்டிய துணி சாயப்பட்டறைக்குப் போகிறது என்றால் கூடவே ஒரு டெலிவரி சலான் போகும். மூட்டையின் எடை எவ்வளவு இருந்தாலும் சலான் ஒரு தாள்தான். அந்தத் தாள் மாறினால் மூட்டை வேறு பட்டறைக்குப் போய்விடும். ஏழு அமினோ அமிலம்தான் புரதத்தின் சலான்.

சரி, டெம்போ எது?

சலான் மட்டும் இருந்தால் மூட்டை தானாக நடந்து போகாது. அதைப் படித்து, ஏற்றிக்கொண்டு போக ஒருவர் வேண்டும். அந்த ஆளைத் தேடுவதில் அடுத்த பத்து வருடம் போனது.

1990-ல் அமெரிக்காவின் லா ஹோயாவில் ஸ்டீபன் ஆடம், லாரி ஜெராஸ் முதலியவர்கள் ஓர் அருமையான உபாயம் கண்டுபிடித்தார்கள். டிஜிடோனின் என்ற பொருள் கொலஸ்ட்ரால் அதிகம் உள்ள சவ்வைத்தான் ஓட்டை போடும். செல்லின் வெளிச் சவ்வில் கொலஸ்ட்ரால் அதிகம், உட்கருவின் உறையில் குறைவு. எனவே அளவாகப் போட்டால் காம்பவுண்டு சுவர் மட்டும் உடையும், ஆபீஸ் ரூம் அப்படியே நிற்கும். சைட்டோபிளாசத்தில் கரைந்திருந்தவை எல்லாம் வெளியே ஒழுகிப் போய்விடும்.

இப்போது சலான் ஒட்டிய ஒளிரும் புரதத்தைப் போட்டால் உட்கருவுக்குள் போகவில்லை. ஒழுகிப்போன திரவத்துக்குப் பதில் வேறு செல்லின் சாறை ஊற்றினால் மறுபடி போக ஆரம்பித்தது! அப்படியானால் தூக்கிப் போகிற ஆள் அந்தச் சாறில்தான் இருக்கிறார். சாறைப் பிரித்துப் பிரித்து ஒவ்வொரு பங்காக ஊற்றிப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

1994-ல் லாஸ்கியோடு கேம்பிரிட்ஜில் வேலை செய்த டிர்க் கோர்லிஷ், தவளை முட்டைச் சாறிலிருந்து முதல் ஆளைப் பிரித்தெடுத்தார். வைத்த பெயர் இம்போர்ட்டின். அடுத்த வருடம் அது இரண்டு பேர் சேர்ந்த ஜோடி என்று தெளிவானது. இம்போர்ட்டின் ஆல்ஃபா சலானைப் படிக்கிறது. இம்போர்ட்டின் பீட்டா, ஆல்ஃபாவையும் சரக்கையும் சேர்த்து வாசலைக் கடக்க வைக்கிறது. பீட்டாவின் மேற்பரப்பு வாசலில் தொங்கும் இழைகளோடு லேசாக ஒட்டி ஒட்டி விலகக்கூடியது, அதனால் வலைக்குள் புகுந்து போக முடிகிறது. இப்படிப்பட்ட புரதங்களுக்குத்தான் போக்குவரத்து ஏற்பிகள் என்று பெயர். நியூயார்க்கில் குந்தர் ப்ளோபெலின் ஆய்வுக்கூடமும் இதே புரதங்களைக் கண்டுபிடித்து காரியோஃபெரின் என்று பெயர் வைத்தது. இரண்டு பெயர்களும் இன்றைக்கும் புழங்குகின்றன.

1997-ல் எதிர்ப்பக்கமும் தெரிந்தது. உட்கருவிலிருந்து சரக்கை வெளியே கொண்டு போகும் ஏற்பிக்கு எக்ஸ்போர்ட்டின் என்று பெயர். வியாபாரம் முழுமை ஆனது :-)

திசை எங்கிருந்து வந்தது?

இதுதான் கதையிலேயே அழகான இடம். டெம்போ டிரைவருக்கு வழி தெரியும். புரதத்துக்கு என்ன தெரியும்? தண்ணீரில் இலக்கில்லாமல் அலைந்துகொண்டிருக்கிற ஒரு மூலக்கூறு அது. வாசலுக்குள் புகுந்தாலும் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டுதான் இருக்கும். அப்படியிருக்க சரக்கு ஏன் ஒரே திசையில் சேருகிறது?

1993-ல் ப்ளோபெலின் ஆய்வுக்கூடத்தில் மேரி ஷானன் மூரும், ஜெராஸின் ஆய்வுக்கூடத்தில் ஃபிரவ்க்கே மெல்கியோரும் தனித்தனியாக ஒரே விடையைப் பிடித்தார்கள். ரான் என்ற ஒரு சின்னப் புரதம். இது ஜி.டி.பி. என்ற எரிபொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். (வணிகவியல் பாடத்தில் வருகிற ஜி.டி.பி. இல்லை, இது மூன்று பாஸ்பேட் உள்ள ஒரு மூலக்கூறு.) ஒரு பாஸ்பேட் கழன்றால் மிச்சம் இரண்டு. மூன்று பாஸ்பேட் ரான், இரண்டு பாஸ்பேட் ரான் என்று இரண்டு நிலை.

ரானுக்கு மூன்று பாஸ்பேட்டை மாற்றிக் கொடுக்கும் புரதம் உட்கருவுக்குள் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பாஸ்பேட்டைக் கழற்ற வைக்கும் புரதம் வெளியே இருக்கிறது. அதனால் உள்ளே எப்போதும் மூன்று பாஸ்பேட் ரான் நிறைய, வெளியே கிட்டத்தட்ட இல்லை.

இப்போது பாருங்கள். சரக்கோடு உள்ளே வந்த இம்போர்ட்டின் பீட்டாவைப் பிடித்துக்கொள்வது மூன்று பாஸ்பேட் ரான். பிடித்ததும் சரக்கு இறங்கிவிடும். காலி பீட்டா, ரானோடு சேர்ந்து வெளியே வரும். வெளியே ஒரு பாஸ்பேட் கழன்று ரான் விலகும். பீட்டா அடுத்த லோடுக்குத் தயார். எக்ஸ்போர்ட்டினுக்கு இதே விதி தலைகீழ்: மூன்று பாஸ்பேட் ரான் கூட இருந்தால்தான் சரக்கை ஏற்றும், வெளியே வந்து ரான் விலகினால் இறக்கும்.

ரொம்ப நாள் எல்லோரும் நினைத்தது என்னவென்றால், எரிபொருள் செலவாவது சரக்கை வாசல் வழியாகத் தள்ளுவதற்கு என்று. 1990-களின் கடைசியில் செய்த சோதனைகள் அது தப்பு என்று காட்டின. வாசலைக் கடக்க எரிபொருள் தேவையே இல்லை. செலவெல்லாம் உள்ளேயும் வெளியேயும் வேறு வேறாக வைத்திருப்பதற்குத்தான். 1999-ல் மேக்சன்ஸ் நச்சூரியும் கார்ஸ்டன் வைஸும் இதைக் கடைசிவரை கொண்டு போனார்கள். மூன்று பாஸ்பேட் ரானை வெளிப்பக்கம் அதிகமாக வைத்தார்கள். போக்குவரத்தின் திசையே திரும்பிவிட்டது! அதே வாசல், அதே ஏற்பி. இறக்கும் இடம் மாறியது, அவ்வளவுதான்.

ரோட்டில் ஓடுவதில் வியாபாரம் முடிவதில்லை, யாருடைய கோடவுனில் மூட்டை இறங்குகிறதோ அங்கேதான் கணக்கு முடிகிறது. செல்லிலும் அதே விதிதான்.

தாம்பரமும் கிண்டியும்

இதுவரை எல்லாம் வெளிநாட்டுக் கதையாக இருக்கிறதே என்றால், தமிழ்நாட்டுக்கும் இதில் இரண்டு கண்ணிகள் உண்டு.

சலானை இம்போர்ட்டின் ஆல்ஃபா எப்படிப் 'படிக்கிறது' என்று அணு அணுவாகத் தெரிந்தது 1998-ல். ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலெனா கான்டி, ப்ளோபெல், ஜான் குரியன் முதலியவர்கள் ஈஸ்டின் ஆல்ஃபாவைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரால் படம் எடுத்தார்கள். இந்தக் குரியன் 1977 முதல் 1979 வரை தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர்.

படத்தில் தெரிந்தது இது. ஆல்ஃபா, ஒரே மாதிரியான பத்து அலகுகள் சேர்ந்து வளைந்த ஒரு வடிவம். அதன் உள்பக்கம் ஒரு பள்ளம். ஏழு அமினோ அமிலச் சலான் அந்தப் பள்ளத்தில் நீட்டிப் படுத்திருக்கிறது. 1984-ல் மாற்றியபோது எல்லாவற்றையும் கெடுத்த அந்த 128-வது லைசின், பள்ளத்தில் இருக்கும் ஒரு குழிக்குள் சாவி போல இறங்கி, எதிர் மின்னூட்டத்தோடு ஒட்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் ஏன் சரக்கு போகாது என்பதற்குப் பதினான்கு வருடம் கழித்துக் கண்ணால் பார்த்த விடை.

இரண்டாவது கண்ணி கிண்டியில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்ட வரைபடம். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு மூட்டும் எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணத்தில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு வரைந்தது. இன்று உலகத்தில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அது சரியா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். துணி செக்கிங் டேபிளைத் தாண்டாமல் பேக்கிங் போகாது என்கிற மாதிரி.

ஒரு மாத்திரையின் கதை

டெம்போ எது என்று தெரிந்துவிட்டால் அதை நிறுத்தவும் யோசிக்கலாம். பல வைரஸ்கள் தங்கள் புரதங்களை உட்கருவுக்குள் அனுப்ப நம் இம்போர்ட்டினைத்தான் பயன்படுத்துகின்றன. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜான்ஸ் குழுவினர், இம்போர்ட்டின் ஆல்ஃபா-பீட்டா ஜோடியைத் தடுக்கும் மருந்துகளைத் தேடினார்கள். யானைக்கால் நோய் ஒழிப்பிலும் சிரங்குக்கும் பயன்படும் பழைய புழு மருந்தான ஐவர்மெக்டின் அதைச் செய்கிறது என்று 2012-ல் வெளியிட்டார்கள். செல் சோதனையில் எச்.ஐ.வி., டெங்கு வைரஸ்கள் பெருகுவது குறைந்தது.

2020 ஏப்ரலில் இதே வழியில் ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு கட்டுரை. குரங்குச் சிறுநீரகச் செல்களில் கொரோனா வைரஸை விட்டு ஐவர்மெக்டினைச் சேர்த்தால் 48 மணி நேரத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ. சுமார் 5,000 மடங்கு குறைந்தது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

அந்தச் செய்தி பரவிய வேகத்தில் ஒரு விஷயம் பலருக்கு எட்டவில்லை. பாத்திரத்தில் போட்ட அளவு 5 மைக்ரோமோலார். வழக்கமான மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வதைவிட அது பல மடங்கு அதிகம். அந்த அளவை மனிதர்களிடம் எட்டுவது சரிப்படாது.

இரண்டாம் அலையின் நடுவில், 2021 ஏப்ரல் 22-ல் வந்த தேசியச் சிகிச்சை வழிகாட்டுதலில், லேசான நோய் உள்ளவர்களுக்கு ஐவர்மெக்டினைப் பரிசீலிக்கலாம் என்று இருந்தது. சான்றின் உறுதி குறைவு என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச்சிலேயே, மருத்துவ ஆய்வுகளுக்கு வெளியே இதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தது. மே மாதம் கோவா அரசு 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தடுப்பாகக் கொடுப்பதாக அறிவித்தது. செப்டம்பரில் இந்திய வழிகாட்டுதலிலிருந்து ஐவர்மெக்டின் நீக்கப்பட்டது. 2022 மார்ச்சில் பிரேசிலில் 1,358 நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வு வெளியானது: ஆஸ்பத்திரியில் சேருவதை ஐவர்மெக்டின் குறைக்கவில்லை.

அதனால் இம்போர்ட்டின் அறிவியல் பொய்யா? இல்லை. எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். எக்ஸ்போர்ட்டினைத் தடுக்கும் செலினெக்சர் என்ற மருந்து, மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் புரதங்களை உட்கருவை விட்டு வெளியேற விடாமல் உள்ளேயே வைத்திருப்பதுதான் அதன் வேலை. பக்க விளைவுகள் உண்டு, ஆனாலும் நோயாளிகளிடம் சோதித்துப் பலன் காட்டிய பிறகுதான் வந்தது.

ஒரே வாசல், ஒரே குடும்பத்துப் புரதங்கள். ஒரு மருந்து தேறியது, ஒன்று தேறவில்லை. செல்லுக்குள் வழி தெரிந்தது இரண்டுக்கும் பொதுவானதுதான். வித்தியாசம், மனிதர்களிடம் செய்த சோதனையில். சாம்பிள் பீஸ் அப்ரூவல் ஆனாலே பல்க் ஆர்டர் பாஸ் ஆனதாக எந்தத் திருப்பூர்க்காரரும் நினைக்க மாட்டார். மாத்திரைக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

1950-ல் ஒரு துளையைப் பார்த்ததிலிருந்து திசையைத் திருப்பிக் காட்டிய 1999 வரை, இந்தக் கதை நகர்ந்தது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான். வாலை நறுக்கினார்கள், ஒரு லைசினை மாற்றினார்கள், சாறை ஒழுக விட்டார்கள், ரானை இடம் மாற்றினார்கள். இப்படி இருக்கலாம் என்று தோன்றியதை, இல்லாமல் செய்து பார்த்துத்தான் நம்பினார்கள். அடுத்த முறை ஏதோ ஒரு மருந்து செல்லுக்குள் அதைத் தடுக்கிறது, இதைத் தடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி சுலபம்: பாத்திரத்திலா, மனிதர்களிடமா?